ஈஸ்ட் ஹாம் வீட்டில் பாய்லர் மாற்றம்: எரிவாயுக் குழாயோடு மூன்று நாட்கள்

லண்டனின் ஈஸ்ட் ஹாமில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. முன்கதவைத் தாண்டியதும் மாடிப்படிக்கு அடியில் உள்ள சிறிய அலமாரிக்குள் கேஸ் மீட்டர் இருக்கிறது. வீட்டின் பின்பக்கம், முந்தைய உரிமையாளர் நீட்டிக் கட்டிய சமையலறையில், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் பாய்லர் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 11 மீ. தொலைவை எரிவாயுக் குழாய் எந்த வழியாகக் கடந்து வருகிறது என்று, இந்த வீட்டில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சென்ற ஜனவரியில் பழைய பாய்லரை மாற்ற முடிவு செய்தபோதும் எந்தப் பாய்லர், என்ன விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றுதான் கணக்குப் போட்டேனே தவிர, குழாய் என் நினைவிலேயே இல்லை. மூன்று நாள் வேலையில் பாய்லருக்குச் செலவானது ஒரே நாள். மற்ற இரண்டு நாட்களும் குழாய்க்கே போயின. அந்த இரண்டு நாட்களில் பார்த்தவற்றை, இங்கே பழைய வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் எரிவாயு இணைப்பில் கை வைப்பவர் அதற்கான தகுதி பெற்றவராக இருக்க வேண்டும் என்றும், கூலிக்கு அந்த வேலையைச் செய்பவர் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்றும் 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. 2009 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவேட்டின் பெயர் கேஸ் சேஃப். அதற்கு முன் கோர்கி என்று இருந்தது. இந்த வேலையில் எரிவாயு ஓடும் குழாய், வால்வு, பாய்லர் எதையும் நான் தொடவில்லை. தரைப்பலகைகளைப் பெயர்த்தது, அளவெடுத்தது, காரையை உடைத்தது, மறுபடி மூடிப் பூசியது, படம் வரைந்தது ஆகியவையே என் பங்கு.

முதலில் வீட்டைப் பார்க்க வந்தவர் சமையலறையில் பத்து நிமிடம் நின்றார், கைப்பேசியில் நான்கு படம் எடுத்தார், மறுநாள் மின்னஞ்சலில் விலை அனுப்பினார். மாடிப்படிக்குக் கீழே அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விலைப்பட்டியலின் அடியில் "குழாய் வேலை தேவைப்பட்டால் தனிக் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தது. இரண்டாவதாக வந்தவர், நண்பர் ஒருவர் வழியாக அறிமுகமான தமிழ் இளைஞர். தன் கேஸ் சேஃப் அட்டையை அவரே எடுத்து நீட்டினார். முன்பக்கத்தில் படமும் எண்ணும் இருக்கின்றன. எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடுத்து அவர் கேட்டது, "அண்ணா, மீட்டர் எங்கே இருக்கு? முதல்ல அதைப் பார்த்துடுவோம்" என்பதுதான்.

பழைய பாய்லரை முழு வேகத்தில் ஓடவிட்டு, அடுப்பின் பர்னர்களையும் பற்றவைத்து, ஓடும்போது உள்ள அழுத்தத்தை மீட்டர் அருகிலும் பாய்லர் அருகிலும் அளந்தார். மீட்டரில் 20.4 மில்லிபார்; பாய்லரில் 19.0. பிரிட்டனில் வீட்டு மீட்டரிலிருந்து வெளியேறும் அழுத்தம் 21 மில்லிபார், அதில் 2 கூடலாம் அல்லது குறையலாம். ஆகவே மீட்டர் பக்கம் குறை இல்லை. ஆனால் மீட்டரிலிருந்து கருவி வரை குழாயில் இழக்கப்படும் அழுத்தம் 1 மில்லிபாரைத் தாண்டக் கூடாது என்பது குழாய் அமைப்புக்கான தரநிர்ணயம். எங்கள் வீட்டில் பழைய, சிறிய பாய்லருக்கே 1.4 இழப்பு இருந்தது. நம் ஊரில் சிலிண்டர் ரெகுலேட்டருக்குப் பின் 30 மில்லிபாரில் வரும் எல்.பி.ஜி.யை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு மில்லிபார் என்பது ஒன்றுமே இல்லாத அளவாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். ஆனால் மொத்தம் இருப்பதே 21 என்னும்போது அந்த ஒன்றுக்கு மதிப்பு உண்டு.

குறையின் காரணம் பாய்லருக்கு அடியிலேயே தெரிந்தது. தரையிலிருந்து மேலே வந்த குழாய் 15 மி.மீ. செம்பு. பழையது, தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி வைக்கும் வகைப் பாய்லர். அதற்கு மணிக்கு ஏறத்தாழ 1.9 கன மீட்டர் வாயு போதும். நாங்கள் வைக்க இருந்தது, குழாயைத் திறந்ததும் உடனுக்குடன் வெந்நீர் தரும் 30 கிலோவாட் காம்பி பாய்லர். அதற்கு மணிக்கு 3.2 கன மீட்டர் வேண்டும். அடுப்புக்கு இன்னும் 1 கன மீட்டர். 15 மி.மீ. செம்புக் குழாய் 6 மீ. நீளத்தில், ஒரு மில்லிபார் இழப்புக்குள், மணிக்கு 1.9 கன மீட்டரைத்தான் கடத்தும். அதே குழாயில் காம்பியை மாட்டினால் மொத்த இழப்பு 3 மில்லிபாரை எட்டும் என்று அவர் தாளில் போட்டுக் காட்டினார். பாய்லர் பற்றிக்கொள்ளும், ரேடியேட்டர்கள் சூடாகும், யாருக்கும் சந்தேகம் வராது. குளிக்கும் நேரத்தில் ஒருவர் அடுப்பை ஏற்றினால்தான் வெந்நீர் வெதுவெதுப்பாகும். அப்போது எல்லோரும் பாய்லரைத்தான் குறை சொல்வார்கள். கடைசி 4 மீ. குழாயை மட்டும் பெரிதாக்கினால் போதும் என்ற கணக்கில் அவர் விலை சொன்னார். முதலாமவர் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தும், காரணம் விளங்கியதால் ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கியது. பழைய பாய்லரைக் கழற்றும் முன் கசிவுச் சோதனை செய்தார். வேலைக்கு முன்பு ஒரு முறை, முடித்த பின்பு ஒரு முறை இதைச் செய்வது கட்டாயம் என்றார். அவரிடம் மின்னணு அழுத்தமானியும் இருந்தது. ஆனாலும் இந்தச் சோதனைக்குத் தண்ணீர் நிரப்பிய U வடிவக் குழாயைத்தான் எடுத்தார். மீட்டரின் சோதனை முனையில் ரப்பர் குழாயை மாட்டி, முதலில் 10 மில்லிபார் வரை ஏற்றி, தெருவிலிருந்து வரும் வாயுவை நிறுத்தும் நெம்புகோலை மூடி ஒரு நிமிடம் காத்திருந்தார். நீர்மட்டம் ஏறவில்லை. அந்த வால்வே சரியாக மூடாமல் வாயுவை உள்ளே விட்டுக்கொண்டிருந்தால், வீட்டுக்குள் உள்ள கசிவை அது ஈடுகட்டி மறைத்துவிடும். அந்தப் பிழை நேராமல் இருக்கத்தான் இந்த முதற்படி. பிறகு 20 மில்லிபாருக்கு ஏற்றி, குழாயின் வெப்பநிலை நிலைகொள்ள ஒரு நிமிடம் விட்டு, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் எண்ணத் தொடங்கினார்.

அந்த இரண்டு நிமிடம் நானும் அவர் பக்கத்தில் குந்தியிருந்தேன். U குழாயின் ஒரு காலில் தண்ணீர் மிக மெல்லக் கீழே இறங்கிற்று. மறு காலில் அதே அளவு மேலே வந்தது. கண்ணை ஒரு கணம் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் நகர்ந்திருப்பது தெரியும் அளவுக்கு மெதுவாக அது நகர்ந்தது. இரண்டு நிமிட முடிவில் 14-இல் நின்றது. கருவிகள் இணைந்திருக்கும் பழைய அமைப்பில், வாடை இல்லாத பட்சத்தில், சிறு வீழ்ச்சியைத் தரநிர்ணயம் ஏற்கிறது. 6 மில்லிபார் அந்த வரம்புக்குள் வராது. அடுப்பு, பாய்லர் இரண்டின் வால்வுகளையும் மூடி, குழாயை மட்டும் தனித்துச் சோதித்தார். குழாய் மட்டும் என்றால் வீழ்ச்சி காணவே கூடாது. 20-இலிருந்து 15-க்கு இறங்கியது. கசிவின் பெரும்பங்கு குழாயிலேயே இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

அதன் அளவைப் பிறகு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். மீட்டரின் உட்கொள்ளளவும் குழாய்களின் கொள்ளளவும் சேர்ந்து ஏறத்தாழ 12 லிட்டர். இரண்டு நிமிடத்தில் 5 மில்லிபார் வீழ்ச்சி என்றால் மணிக்கு 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, நாள் ஒன்றுக்கு 40 லிட்டருக்கு மேல் வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்தால்தான் இயற்கை எரிவாயு பற்றும். காற்றோட்டமுள்ள அறையில் இந்தச் சிறு கசிவு அந்த அளவை எட்டாது. ஆனால் காற்றுப் புகாத ஒரு பொந்தில் தேங்கினால் என்னவாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எங்கள் நியூஹாம் வட்டாரத்திலேயே, கேனிங் டவுனில், ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் ஒரு மூலை முழுவதும் 1968 மே 16 அதிகாலையில் சரிந்து நால்வர் இறந்தனர். பதினெட்டாம் மாடியில் தேநீர் போடத் தீக்குச்சி கிழித்தபோது வாயு வெடித்தது. அடுப்பு இணைப்பில் இருந்த தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு உடைந்து வாயு கசிந்திருந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

இதில் என் தவறு ஒன்று உண்டு. பல மாதங்களாகவே, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறக்கும்போது லேசான ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. என் மனைவி இரண்டு முறை சொன்னாள். கழிவுநீர்க் குழாயின் வாடை என்று நானே முடிவு செய்து, அடைப்பு நீக்கும் திரவத்தை ஊற்றிவிட்டு இருந்துவிட்டேன். இயற்கை எரிவாயுவுக்குத் தனியாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே கந்தகச் சேர்மங்களை அதில் கலக்கிறார்கள். மண்ணும் காரையும் அந்த வாடையின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளக் கூடியவை. ஆகவே தரைக்கு அடியில் கசிந்தால் மூக்குக்கு எட்டுவது உள்ளே இருப்பதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். அன்றே நான் 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைத்திருக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் இலவச எண் அது. சந்தேகம் சிறிதாக இருந்தாலும் அழைக்கலாம். தவறான சந்தேகம் என்று யாரும் கோபிப்பதில்லை.

மீட்டர் வால்வை மூடி, "அபாயம், பயன்படுத்தாதீர்" என்ற அட்டையைக் கட்டி, எழுத்துமூலமான எச்சரிக்கைப் படிவத்தில் என் கையெழுத்தையும் வாங்கினார். எரிவாயுத் துறையின் வகைப்பாட்டில் இது 'உடனடி அபாயம்' என்னும் தட்டில் வருகிறது. அதற்கு அடுத்த தட்டு 'ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது'. வெளியே வெப்பநிலை 2 பாகை. சிறு குழந்தை உள்ள வீடு. ஒரு நாளைக்கு மட்டும் பழைய பாய்லரை ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இல்லை அண்ணா, இதை நான் திறந்துவிட்டுப் போக முடியாது" என்றார். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு மின்சார ஹீட்டர்களைத் தந்து உதவினார். இரண்டு இரவும் நாங்கள் ஒரே அறையில் படுத்துக்கொண்டோம்.

அன்று மதியம் கசிவைத் தேடினோம். கூடத்துத் தரைப்பலகைகளை நான் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். கீழே அரை மீட்டர் ஆழத்துக்கு வெற்றிடம். வெளிச்சுவரில் உள்ள துளைச் செங்கற்கள் வழியாக அதற்குள் காற்று வந்து போகிறது. மீட்டரிலிருந்து 22 மி.மீ. செம்புக் குழாய் அந்த வெற்றிடத்தில் சமையலறை வாசல் வரை ஓடியது. அங்கே அடுப்புக்கு ஒரு கிளை பிரிந்தது. அதன் பின் குழாய் 15 மி.மீ.யாகச் சுருங்கிச் சமையலறையின் சிமெண்டுத் தரைக்குள் நுழைந்துவிட்டது. மீட்டருக்கு அருகில் இன்னொரு T வடிவ இணைப்பிலிருந்து பழைய இரும்புக் குழாய் ஒன்று முன்னறைப் பக்கம் போனது. அங்கே முன்பு இருந்த கணப்பு எடுக்கப்பட்டு, குழாயின் முனையில் மூடி போடப்பட்டிருந்தது. அந்தக் கிளை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

குழாயை வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்தின் இரு பக்கமும் கிளிப் மாட்டி ஒரு தடித்த கம்பியால் இணைத்தார். உலோகக் குழாயில் நமக்குத் தெரியாமல் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால், வெட்டும் நொடியில் பொறி பறக்கும். அது அந்தக் கம்பி வழியாகப் போய்விட வேண்டும் என்பதற்காக. பிறகு சமையலறை வாசலில் குழாயைத் துண்டித்து முன்பகுதியையும் பின்பகுதியையும் தனித்தனியாக மூடிச் சோதித்தார். மீட்டரோடு கூடிய முன்பகுதி இரண்டு நிமிடத்தில் 1 மில்லிபார் இறங்கியது. சிமெண்டுக்குள் போகும் பின்பகுதியில் காற்றை ஏற்றிவிட்டுக் கையை எடுத்ததும் நீர்மட்டம் கண்ணெதிரே சரிந்து, ஒரு நிமிடத்துக்குள் கிட்டத்தட்டச் சமநிலைக்கு வந்துவிட்டது. காலையில் அவ்வளவு மெதுவாக இறங்கியது இப்போது ஏன் இப்படி ஓடுகிறது என்று பதறிவிட்டேன். கசிவின் அளவு கூடவில்லை. அதைத் தாங்கி நின்ற 12 லிட்டர் கொள்ளளவு இப்போது அரை லிட்டர் சொச்சமாகிவிட்டது, அதனால்தான் அழுத்தம் வேகமாக இறங்குகிறது என்று அவர் விளக்கினார். பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதிப்பதன் பயன் எனக்கு அப்போது புரிந்தது.

முன்பகுதிக் கசிவு இரும்புக் கிளையில் இருந்தது. கசிவறியும் திரவத்தைத் தூரிகையால் தடவிக்கொண்டே போனபோது, முன்னறைத் தரைக்கு அடியில் இருந்த எல்போ என்னும் வளைவு இணைப்பு ஒன்றின் மரையோரம் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும். எல்போவைக் கழற்றியபோது மரையில் சுற்றியிருந்த சணல் நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நம் ஊரில் தண்ணீர்க் குழாய் மரையில் சணல் சுற்றி வெள்ளைப் பசை தடவுவார்களே, அதே முறைதான். நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய நகர வாயு ஈரப்பதம் உள்ளது. சணலை அது ஊறிய நிலையிலேயே வைத்திருந்தது. 1967 முதல் 1977 வரை பிரிட்டன் முழுவதும் வீடு வீடாக இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டது. இது உலர்ந்த வாயு. ஆண்டுக்கணக்கில் சணலைக் காயவைத்துச் சுருக்கிவிடும். பழைய வீடுகளில், கணப்பு எடுக்கப்பட்டும் குழாய் மட்டும் உயிரோடு விடப்பட்ட கிளைகள் இப்படி இன்னும் இருக்கின்றன. யாரும் பயன்படுத்தாததால் யாரும் அவற்றைச் சோதிப்பதும் இல்லை. அந்தக் கிளையை மீட்டருக்கு அருகிலேயே வெட்டி நீக்கினோம்.

பின்பகுதியைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அதை அப்படியே கைவிட்டுவிடலாம் என்றார். அது சரியான முடிவு. ஆனாலும் செவ்வாய் மதியம், குழாய் துண்டிக்கப்பட்டு வாயு முழுவதும் வெளியேற்றப்பட்ட பிறகு, அவரிடம் கேட்டுக்கொண்டு, விரிசல் விட்டிருந்த ஓர் ஓட்டுக்கு அடியில் உளியும் சுத்தியலும் கொண்டு நாற்பது சென்டிமீட்டர் நீளத்துக்குக் காரையை உடைத்துப் பார்த்தேன். சுமார் நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் குழாய் கிடந்தது. மேலே பிளாஸ்டிக் உறை இல்லை, துணிச்சுற்று இல்லை. செம்பைச் சிமெண்டுக்குள் வெறுமனே கிடத்தி மேலே பூசியிருக்கிறார்கள். ஈரக் காரையோடு ஒட்டிய இடமெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பற்றவைத்த எல்போ ஒன்றின் கழுத்தில், பற்றவைக்கும்போது தடவிய பிளக்ஸ் என்னும் பசை வழிந்து உறைந்த கோடு அப்படியே இருந்தது. அந்தக் கோட்டின் மேல் விரல் நகத்தால் பொருக்கைச் சுரண்டியபோது, ஊசி முனை அளவில் இரண்டு துளைகள் தெரிந்தன. பிளக்ஸ் அரிக்கும் தன்மை கொண்டது; பற்றவைத்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் ஈரக் காரைக்குள் புதைத்தால் அது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். சிமெண்டுக்குள் போகும் செம்புக்கு ஆலையிலேயே போர்த்திய உறை வேண்டும், உள்ளே இணைப்புகள் கூடியவரை இருக்கக் கூடாது. அன்று கட்டியவர் ஐந்து நிமிட வேலையையும் சில பவுண்டு உறையையும் மிச்சம் பிடித்திருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் பிள்ளை தவழ்ந்த தரை அது; அந்தக் குழாயைப் பார்த்து எழுந்த கோபம் அடங்கச் சில நாட்கள் ஆயின.

புதிய குழாயின் கணக்கை இருவரும் சேர்ந்தே போட்டோம். நீளம் 11 மீ.; ஆறு எல்போக்கள், ஒவ்வொன்றும் வாயுவின் ஓட்டத்துக்கு அரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம்; ஆக 14 மீ. பாய்லரும் அடுப்பும் சேர்ந்து மணிக்கு 4.2 கன மீட்டர் கேட்கும். 15 மீ. நீளத்தில் 22 மி.மீ. குழாய் 3.4 கன மீட்டரைக் கடத்தும், 28 மி.மீ. குழாய் 7.0. எனவே மீட்டரிலிருந்து அடுப்புக் கிளை வரை 28, அதன் பின் பாய்லர் வரை 22 என்று முடிவானது. "22 போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள். பாய்லர் மட்டும் ஓடும்போது போதும்தான், அடுப்பையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் முறை" என்றார். முன்பு கூடத்துக் குழாயை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதிக்கு மட்டும் விலை சொன்னது தன் பிழை என்று அவரே ஒப்புக்கொண்டு, 28 மி.மீ. குழாய்க்கான பொருள் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய் முழுவதும் குழாய் பதித்தார். கூடத்தில் தரைக்கட்டைகளின் அடிப்பக்கமாகவே கொண்டு சென்று, இரண்டு மீட்டருக்கு மேற்படாத இடைவெளியில் கிளிப் அடித்ததால், கட்டைகளை வெட்டிப் பலவீனமாக்கும் தேவை வரவில்லை. மின்கம்பிகள் ஓடிய இடங்களில் 25 மி.மீ. இடைவெளியும், மின்சார மீட்டரிலிருந்து 150 மி.மீ. இடைவெளியும் விட்டார். பழைய வீட்டின் பின்சுவரைத் துளைத்துச் சமையலறைக்குள் வரும் இடத்தில், குழாயை நேராகச் செங்கல்லுக்குள் விடாமல், பெரிய குழாய் ஒன்றை உறையாகச் செருகி அதற்குள் செலுத்தினார். உறைக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒரு முனையில் மட்டுமே அடைக்க வேண்டும். மறுமுனை காற்றோட்டமுள்ள பக்கம் திறந்திருக்க வேண்டும். என்றேனும் உள்ளே கசிந்தால் வாயு சுவருக்குள் தேங்காமல் அந்தப் பக்கம் வெளியேறும். சமையலறையில் குழாயை மறைக்கப் பெட்டி அடிக்கலாமா என்று கேட்டதற்கு, அடித்தால் மேலும் கீழும் காற்றுத் துளை வேண்டும் என்றார். மறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். சுவரின் நிறத்திலேயே வண்ணம் பூசினேன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும், தெரியட்டும்.

ஒவ்வோர் இணைப்பையும் பற்றவைத்துச் சூடு ஆறியதும் ஈரத்துணியால் துடைத்தார். சிமெண்டுத் தரைக்குள் பார்த்த அந்த எல்போவுக்குப் பிறகு, நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்ததை அவர் தவறாக நினைக்கவில்லை. மாலையில் கசிவுச் சோதனை. இரண்டு நிமிடமும் நீர்மட்டம் நின்ற இடத்தைவிட்டு மயிரிழையும் அசையவில்லை.

இன்னொரு குறையும் இடையில் தெரியவந்தது. மீட்டரை அடுத்து 600 மி.மீ.க்குள், முதல் கிளைக்கு முன்பாக, குழாயை வீட்டின் மின்நிலத்தோடு (எர்த்) இணைக்கும் பச்சை மஞ்சள் கம்பி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது தேவைக்கு மெல்லிய பழைய கம்பி. மின்பணியாளர் ஒருவர் புதன் காலை வந்து 10 சதுர மி.மீ. கம்பியாக மாற்றிக் கொடுத்தார்.

புதன்கிழமை பாய்லர் மாட்டப்பட்டது. தொட்டிகளை நீக்கியது, ரேடியேட்டர்களைக் கழுவியது, கழிவுநீர்க் குழாயைச் சரிவாக அமைத்தது எல்லாம் வழக்கமான வேலைகள்தான். அடுப்பின் வழியாகக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியபோது சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டோம். பாய்லரை முழு வேகத்தில் வெந்நீருக்கு ஓடவிட்டு, அடுப்பையும் பற்றவைத்து, விலை சொல்ல வந்த நாளில் அளந்த அதே இரண்டு இடங்களில் அழுத்தத்தை அளந்தார்: மீட்டரில் 20.6, பாய்லரில் 20.1. இழப்பு 0.5. அடுப்பை அணைத்துவிட்டு, பாய்லர் மட்டும் ஓடும்போது இரண்டு நிமிடத்தில் மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று என்னையே பார்க்கச் சொன்னார். 0.107 கன மீட்டர். முப்பதால் பெருக்கினால் மணிக்கு 3.2. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண்ணோடு அது பொருந்தியது. புகைபோக்கியில் கருவியை நுழைத்துக் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தார், 0.004-ஐத் தாண்டக் கூடாத அந்த எண் 0.0008 என்று வந்தது. எல்லா எண்களையும் கையேட்டின் பின்பக்கப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் பாய்லர் முறையாகச் சோதித்து ஒப்படைக்கப்பட்டதற்குச் சான்றே இருக்காது. பணம் கொடுக்கும் முன் அதைப் புரட்டிப் பாருங்கள். வேலை முடிந்த 30 நாட்களுக்குள் உள்ளாட்சிக்குத் தகவல் அனுப்புவது அவர் பொறுப்பு. அதற்கான கட்டட விதிச் சான்றிதழ் மூன்றாம் வாரம் தபாலில் வந்தது.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் சமையலறையில் பொருத்தப்பட்டது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் புதிய பாய்லரோடு அது கட்டாயம். அந்தக் கருவி இருப்பதால் எரிவாயுக் கசிவும் தெரிந்துவிடும் என்று நண்பர்கள் சிலர் நம்புகிறார்கள். தெரியாது. அது சரியாக எரியாத வாயுவிலிருந்து வரும் நச்சைத்தான் உணரும். எரியாமல் கசியும் வாயுவுக்கு மூக்கும் கசிவுச் சோதனையும்தான் வழி.

குழாய் வேலைக்கு மட்டும், மின்பணியாளர் கூலியையும் சேர்த்து, 780 பவுண்டு ஆயிற்று. பாய்லருக்கு விலை கேட்கும் எவரும், வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: மீட்டரிலும் பாய்லரிலும் ஓடும்போதுள்ள அழுத்தம் என்ன, குழாய் எந்த வழியாக எந்த அளவில் வருகிறது, பழைய குழாய் கசிவுச் சோதனையில் தேறுமா. மூன்றாவதை விலை பேசும் நாளிலேயே செய்து பார்க்கச் சொல்லி, அதற்குத் தனியாகக் கூலி கொடுத்தாலும் தகும். கொடுத்திருந்தால் ஜனவரி மாதத்து இரண்டு இரவுகளை நாங்கள் குளிரில் கழித்திருக்க மாட்டோம். குழாய் வேலையைக் கோடையிலேயே முடித்திருக்கலாம்.

சிமெண்டுக்குள் கிடக்கும் பழைய குழாயை இரு முனையிலும் மூடி அப்படியே விட்டிருக்கிறோம். அடுத்து இந்தத் தரையை உடைப்பவர் அதில் வாயு ஓடுகிறதா என்று திகைக்கக் கூடாது என்பதற்காக, புதிய குழாய் செல்லும் வழியையும் கைவிடப்பட்ட குழாய் கிடக்கும் இடத்தையும் சுவரிலிருந்து அளந்து ஒரு தாளில் வரைந்து, தேதியிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மீட்டர் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.